பழைய கணினி, புதிய ஓஎஸ்: நடுவில் நிற்கும் கிராபிக்ஸ் கார்டு

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பேக்கிங் பிரிவிலும், ஈரோட்டு அச்சகங்களிலும், கோவை கணபதி வட்டாரத்து லேத் பட்டறைகளை ஒட்டிய சிறு அலுவலகங்களிலும் பத்துப் பன்னிரண்டு வயதான கணினிகள் இன்றும் முழுநேரம் உழைக்கின்றன. பில் போடவும் லேபிள் அடிக்கவும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கவும் அவை தாராளமாகப் போதும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்ட பிறகு, இந்தக் கணினிகளை வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: வேறு ஓஎஸ் (விண்டோஸ் 11, லினக்ஸ் போல கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டால் ஓடுமா?

ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று எல்லோரும் பார்க்கிறார்கள். கிராபிக்ஸைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். ஓஎஸ் போட்டு முடித்து, திரையில் எழுத்துகள் பூதாகரமாகவும் ஐகான்கள் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோலவும் தெரிந்த பிறகுதான் அந்த நினைப்பே வருகிறது. "மற்றதெல்லாம் சரியாக ஓடுகிறதுங்க, படம் மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறதுங்க" என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கி வருவார்கள். அதற்குள் பழைய ஓஎஸ் அழிந்திருக்கும். கார்டைப் பற்றி அது அறிந்து வைத்திருந்த விவரமும், சரியாக ஓடிக்கொண்டிருந்த டிரைவரும் அதோடு சேர்ந்து போயிருக்கும். ஆகவே, கிராபிக்ஸ் எந்தத் தலைமுறை என்பதைப் பழைய ஓஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகளும் காரணங்களும்தான்.

டிரைவர் என்ன செய்கிறது

கணினியில் படம் வரைவதற்கென்றே ஒரு சில்லு இருக்கிறது. தனி கார்டு என்றால், மதர்போர்டில் உள்ள நீளமான ஸ்லாட்டில் செருகிய பலகையில் அது இருக்கும். ஆன்போர்டு என்றால் கண்ணுக்குத் தெரியாது: இன்டெல் கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில் அது மதர்போர்டின் சிப்செட்டுக்குள் இருந்தது, 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 முதல் பிராசஸர் சில்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது. "என் கணினியில் கிராபிக்ஸ் கார்டே இல்லை" என்று சொல்பவரின் கணினியிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓஎஸ் மாற்றும்போது அதற்கும் இதே கணக்குதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு டிரைவரை விளக்குவது எளிது. வெளிநாட்டு பையர் கேட்பதை உற்பத்தித் தளத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்பவர் மெர்ச்சண்டைசர். ஓஎஸ்ஸுக்கும் கிராபிக்ஸ் சில்லுக்கும் நடுவே அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் டிரைவர். பையர் மாறி, அவருடைய நடைமுறைகளும் மாறிவிட்டால், பழைய ஆள் புதியதைக் கற்றாக வேண்டும். கற்காவிட்டால் ஆர்டர் நகராது.

விண்டோஸில் இந்த நடைமுறை பலமுறை மாறியிருக்கிறது. எக்ஸ்பி காலத்து டிரைவர் அமைப்பு ஒரு வகை. 2007இல் விஸ்டா வந்தபோது டபிள்யூடிடிஎம் என்ற புதிய அமைப்பு வந்தது. விஸ்டாவும் விண்டோஸ் 7உம் எக்ஸ்பி வகை டிரைவரையும் ஓரளவு பொறுத்துக்கொண்டன. 2012இல் வந்த விண்டோஸ் 8 அதற்குக் கதவை மூடிவிட்டது. 2015இல் விண்டோஸ் 10 அந்த அமைப்பின் 2.0 பதிப்பைக் கொண்டுவந்தது, ஆனால் பழைய பதிப்புகளையும் ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 11 அந்த 2.0ஐயும், டைரக்ட்எக்ஸ் 12 என்ற படம் வரையும் கட்டளைத் தொகுப்பையும் அடிப்படைத் தகுதியாகவே கேட்கிறது.

ஆக, ஒரு சில்லு ஒரு ஓஎஸ்ஸுக்குப் பொருந்துமா என்று கேட்டால், அந்த ஓஎஸ்ஸின் அமைப்புக்கு ஏற்ற டிரைவரை யாராவது எழுதியிருக்கிறார்களா என்றே அர்த்தம். சில்லின் பலம் வேறு விஷயம். நல்ல பலமுள்ள கார்டாக இருந்தும், செய்த நிறுவனம் டிரைவர் எழுதுவதை நிறுத்திவிட்டதால் ஒதுக்கப்பட்டவை ஏராளம்.

டிரைவர் இல்லையென்றால் திரை இருண்டு போய்விடாது என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. விண்டோஸ் 8 முதல் 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்ற பொது டிரைவர் ஒன்று கைகொடுக்கிறது. படம் தெரியும், வேலையும் செய்யலாம். ஆனால் திரை அளவு பெரும்பாலும் 1024க்கு 768 என்ற அளவில் நின்றுவிடும். வீடியோவைப் பிரித்துக் காட்டும் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். யூடியூப் தத்தித் தத்தி ஓடும். லேப்டாப்பில் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசை வேலை செய்யாது. இரண்டாவது மானிட்டரைக் கண்டுகொள்ளாது. ஸ்லீப் என்பதே மெனுவிலிருந்து காணாமல் போயிருக்கும். இத்தனையையும் பார்த்துவிட்டு "கணினிக்கு வயதாகிவிட்டது" என்று தீர்ப்பு எழுதிப் புதிதாக வாங்கியவர்கள் பலர்.

ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் பட்டனையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் ஜன்னலில் 'டிஸ்பிளே' என்ற பக்கத்தில் சில்லின் பெயர், டிரைவரின் தேதி, டிரைவர் மாடல் மூன்றும் இருக்கும். டிரைவர் மாடலுக்கு எதிரே டபிள்யூடிடிஎம் 1.1, 1.2 போல 2.0க்குக் கீழான எண் இருந்தால், விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இப்போதைய டிரைவருக்கு இல்லை. 2.0 அல்லது அதற்கு மேல் என்றால் கிராபிக்ஸ் பக்கம் பெரிய தடை இல்லை. பிராசஸர், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் ஏற்றும் வசதி) ஆகியவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறக்குறைய எதற்கும் இடமில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பு முதல் கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது என்பதால் அந்தக் கணினிகளுக்கு அதுவும் பயன்படாது.

பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. ஏன் என்பதற்கு என்விடியாவின் ஜிடி 730 ஒன்றே போதுமான சாட்சி. 2014இல் வந்த இந்தக் கார்டு செகண்ட் ஹேண்ட் கடைகளில் இன்றும் சர்வ சாதாரணமாகக் கிடைக்கிறது. இந்த ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சில்லுகள் விற்கப்பட்டன. ஒன்று 96 கோர்கள் கொண்ட ஃபெர்மி. மற்றது 384 கோர்கள் கொண்ட கெப்ளர். ஃபெர்மி வகைக்கான டிரைவர் 2018 மார்ச்சில் வந்த 391.35 பதிப்போடு நின்றுவிட்டது. கெப்ளருக்கு வழக்கமான டிரைவர் 2021 வரையும், பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 வரையும் வந்தன; விண்டோஸ் 11க்கான டிரைவரும் அதற்கு உண்டு. பெட்டியிலும் கார்டின் மேலும் இரண்டுக்கும் அதே பெயர்தான். இரண்டு ஜிபி, நான்கு ஜிபி என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். ஃபெர்மி கார்டிலேயே நினைவகம் கூடுதலாக இருக்கலாம். அதைக் காட்டித்தான் விலையும் கூடுதலாகச் சொல்வார்கள்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் அடையாள எண். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' வரிசையில் கார்டின் பெயரை வலது கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' போய், 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதன் முதல் எண் தயாரிப்பாளருடையது: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. அடுத்த எண் சில்லுடையது. ஜிடி 730இல் அது 1287 என்றிருந்தால் கெப்ளர். 0எஃப்02 என்றிருந்தால் ஃபெர்மி. அந்த வரியை அப்படியே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவரே இல்லாத நிலையிலும் இந்த எண் மாறாது என்பதால், ஃபார்மட் செய்துவிட்டு முழிப்பவர்களுக்கும் இதுதான் வழி: எண்ணை இணையத்தில் தேடினால் சில்லின் உண்மையான பெயர் வந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் எடுத்துச் செல்வது நல்லது. பழைய கார்டின் பயாஸில் (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) புதிய கார்டின் பெயரை எழுதி விற்கும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. அப்படிப்பட்ட போலி என்விடியா கார்டுகளைக் காட்டிக்கொடுக்கும் வசதி 2018 முதல் இந்தக் கருவியில் இருக்கிறது.

இன்னொரு வேலையும் உண்டு. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் என்று உள்ளே போனால் 'ஃபைல்ரெபாசிட்டரி' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். அதே கணினியில் விண்டோஸைத் திரும்பப் போடும்போது, டிரைவர் தேடும் இடமாக இந்த ஃபோல்டரைக் காட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். லேன் டிரைவரும் இதற்குள்ளேயே இருப்பதால், இணையம் இல்லாமல் டிரைவரை எங்கே போய் இறக்குவது என்ற திண்டாட்டமும் இல்லை.

எந்தச் சில்லு எதுவரை

இன்டெல்: 945 சிப்செட்டில் இருந்த ஜிஎம்ஏ 950 விண்டோஸ் 7ஓடு நின்றுவிட்டது. ஜி41 மதர்போர்டுகளில் இருக்கும் எக்ஸ்4500க்கு விண்டோஸ் 10 ஒரு பழைய டிரைவரைத் தானாகவே போட்டுக்கொள்ளும். அலுவலக வேலைக்குப் போதும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5க்கு விண்டோஸ் 10 வரை கவலை இல்லை. நான்காம் தலைமுறை முதல் டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவர் உண்டு. தவிர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: 2011 கடைசியில் வந்த சில ஆட்டம் பிராசஸர்களில் உள்ள ஜிஎம்ஏ 3600. அந்தக் கிராபிக்ஸ் வேறொரு நிறுவனத்தின் வடிவமைப்பு. 32 பிட் விண்டோஸ் 7க்கு மட்டுமே முறையான டிரைவர் வந்தது. லினக்ஸிலும் முப்பரிமாண வேகம் கிடையாது. அந்தக் காலத்துக் குட்டி லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தால் அதில் நேரத்தைக் கொட்டாதீர்கள்.

என்விடியாவில் 8, 9, 200, 300 வரிசைகளுக்கு விண்டோஸில் கடைசி டிரைவர் 2016 டிசம்பரில் வந்தது. 400, 500 வரிசை ஃபெர்மி. 600, 700 பெரும்பாலும் கெப்ளர். ஆனால் ஜிடி 610 போன்ற சில கார்டுகள் புதிய பெயர் சூடிய ஃபெர்மிதான். 900, 1000 வரிசைகளுக்கு 2025 அக்டோபரோடு வழக்கமான டிரைவர் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது.

ஏஎம்டியில் எச்டி 4000 வரிசை வரைக்கும் 2013உடன் முடிந்தது. எச்டி 5000, 6000 வரிசைகளின் கடைசி முழுமையான டிரைவர் 2015 ஜூலையில் வந்தது. விண்டோஸ் 10இல் ஓடும். எச்டி 7700க்கு மேலும், ஆர்7, ஆர்9 200 வரிசையிலும் உள்ளவற்றுக்கு 2021 வரை கிடைத்தது.

இதெல்லாம் நிறுவனம் எழுதுவதை நிறுத்திய நாள்தானே தவிர, கார்டு நின்றுபோகும் நாள் அல்ல. பழைய டிரைவர் இருக்கும் ஓஎஸ்ஸில் அது தொடர்ந்து ஓடும்.

லினக்ஸ் போடுபவர்களுக்கு

லினக்ஸில் கதை தலைகீழ். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான டிரைவர் ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. எங்கும் போய் இறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கைவிட்ட எச்டி 4000 வரிசை ரேடியான் கார்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில் எதுவும் கேட்காமல் சரியான திரை அளவோடு வந்து நிற்பதைப் பார்க்கலாம். பழைய கணினிக்கு லினக்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒரு கார்டும் தேடுகிறீர்கள் என்றால், ஏஎம்டி வாங்குங்கள் என்பேன்.

என்விடியாவில்தான் சிக்கல். நிறுவனத்தின் சொந்த டிரைவர் மூடிய மென்பொருள். பழைய தலைமுறைகளுக்கான 340, 390 பதிப்புகள் புதிய கெர்னலோடு ஒத்துப்போவதில்லை. மாற்றாக, ஆர்வலர்கள் சில்லின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே எழுதிய நூவோ டிரைவர் இருக்கிறது. அது ஃபெர்மி, கெப்ளர் கார்டுகளில் அன்றாட வேலைக்குப் போதும். வேடிக்கை என்னவென்றால், 1000 வரிசை போன்ற பிந்தைய கார்டுகளில் அதே டிரைவர் இன்னும் மெதுவாக ஓடும். அவற்றில் நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல்) இல்லாமல் சில்லின் வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள்.

லினக்ஸின் பெரிய வசதி, வட்டில் கை வைக்காமலேயே சோதித்துப் பார்க்கலாம் என்பது. பென்டிரைவிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பாருங்கள். திரை அளவு சரியா, ஒரு வீடியோ தடங்கலின்றி ஓடுகிறதா, ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் படம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிராபிக்ஸ் டிரைவர் முதலில் காலை வாருவது அங்கேதான். பூட் ஆகும்போதே திரை கறுத்துவிட்டால், மின்ட்டின் தொடக்க மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' இருக்கிறது, அதில் நுழையுங்கள். மற்ற லினக்ஸ்களில் பூட் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றிச் சேர்த்தால் அதே பலன். இது உள்ளே நுழைவதற்கான வழி மட்டுமே. சரியான டிரைவர் போட்ட பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் விண்டோஸின் பேசிக் டிஸ்பிளே நிலைதான் இங்கும்.

32 பிட் மட்டும் ஓடும் மிகப் பழைய கணினி என்றால் வாய்ப்புகள் சுருங்கிவிட்டன. உபுண்டு என்ற லினக்ஸ் எப்போதோ நிறுத்திவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13உம் 32 பிட் நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

டிரைவர் மேல் பழி விழும் இடங்கள்

திரை வரவில்லை என்பதெல்லாம் டிரைவர் கோளாறு அல்ல. விண்டோஸ் 11க்காக யாரோ மதர்போர்டின் பயாஸில் (ஓஎஸ் ஏறுமுன் வரும் அமைப்புப் பக்கம்) செக்யூர் பூட்டை இயக்குகிறார்கள். அதற்காகப் பழைய பூட் முறையான சிஎஸ்எம்மை அணைக்கிறார்கள். சேமித்து வெளியே வந்தால் திரையில் ஒன்றுமே இல்லை. 2012க்கு முந்தைய கார்டுகள் பெரும்பாலானவற்றில் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குத் தேவையான சிறு நிரல் கிடையாது; ஓஎஸ் ஏறும்வரை அவற்றால் படம் காட்ட முடியாது. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை ஆன்போர்டு இணைப்பில் செருகி, சிஎஸ்எம்மைத் திரும்ப இயக்கினால் சரியாகிவிடும். ஆன்போர்டு இல்லாத கணினியில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டின் காசு வடிவ பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வரும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் பஞ்சு. பல்லடம், சோமனூர் பக்கத் தறிக்கூடங்களிலும் நிட்டிங் யூனிட்டுகளிலும் இருக்கும் கணினியின் பக்கக் கதவைத் திறந்து, கார்டின் விசிறிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விசிறி இறக்கைகளுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணிபோல ஒரு சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். விசிறி சுற்றும்; காற்று உள்ளே போகாது. ஓஎஸ் மாற்றிய கையோடு புதிய டிரைவர் சில்லை முழு வேகத்தில் ஓட்டத் தொடங்கும்போது சூடு ஏறி, திரையில் கோடும் கட்டமுமாக வந்து கணினி உறைந்துவிடும். "ஓஎஸ் மாற்றினதிலிருந்துதான் இப்படி" என்று புகார் வரும். பிரஷ்ஷால் தள்ளினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும். விசிறியைக் கழற்றி, படலத்தை ட்வீசரால் பிடித்து உரித்தெடுத்தால் ஒரே துண்டாக வந்துவிடும்.

சூடா, டிரைவரா, கார்டே போய்விட்டதா என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. கணினியைப் போட்டதும் வரும் நிறுவன லோகோவிலும் பயாஸ் பக்கத்திலுமே கோடுகள் தெரிந்தால், ஓஎஸ்ஸும் டிரைவரும் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. குற்றம் கார்டுடையது, அல்லது கேபிளுடையது. டிவைஸ் மேனேஜரில் கோட் 28 என்று இருந்தால் டிரைவர் போடவில்லை என்று அர்த்தம். கோட் 43 என்றால் சாதனமே கோளாறு என்று புகார் சொல்லியிருக்கிறது. சரியான டிரைவரைச் சுத்தமாகப் போட்ட பிறகும் அது வந்தால் கார்டின் மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

புதிய கார்டு போட்டுவிடலாமா

வீட்டு, அலுவலக வேலைக்கு என்றால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். அவசியம் வேண்டும் என்றால் ஸ்லாட், மின்சாரம், இணைப்பு மூன்றையும் பாருங்கள். ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஆக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஏஜிபி ஸ்லாட் கொண்ட கணினியைப் பிழைக்க வைப்பதில் பொருளில்லை. அந்த ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியிலிருந்து தனி வயர் வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் வாட் கணக்கை நான் நம்புவதில்லை. ஜிடி 1030 சுமார் 30 வாட்டிலேயே ஓடிவிடும். ஆனால் அதில் விஜிஏ இணைப்பு கிடையாது. பழைய மானிட்டர் என்றால் தனியாக கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்டு விற்பனைக்கு வரும் ஒல்லியான டெஸ்க்டாப் என்றால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளை ஆன்போர்டு இணைப்பிலேயே விட்டுவிட்டு, "வித்தியாசமே தெரியவில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள்.

சில கணினிகளில் ஓஎஸ் மாற்றுவதே தவறு. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் நம்பி ஓடும் அச்சகக் கணினி, டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும் எம்ப்ராய்டரி டிசைன் மென்பொருள் இருக்கும் கணினி போன்றவை அந்தப் பழைய விண்டோஸோடும் அந்தப் பழைய கிராபிக்ஸ் டிரைவரோடும் இசைந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை இணையத்திலிருந்து துண்டித்து, அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வயதாகியிருக்கும் என்பதால், குளோன்சில்லா போன்ற இலவசக் கருவியால் அதை முழுவதுமாக ஒரு எஸ்எஸ்டியில் நகலெடுங்கள். ஓஎஸ், டிரைவர், மென்பொருள் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நகலிலிருந்தே பூட் செய்து, திரை அளவு மாறாமல் இருக்கிறதா, மென்பொருள் டாங்கிளை ஏற்கிறதா, பழைய டிசைன் ஒன்று முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.